முதலில் இறக்கு

அருமனையில் பெய்கிற மழையை
எங்கள் மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் அளக்கிறது.
காலை எட்டரைக்குக் குனிந்து படிப்பேன்:
பதினாலு. நாற்பத்திரண்டு. ஒன்றுமில்லை.
யாருக்கு இந்தக் கணக்கு, டீச்சரே,
என்று பால்காரர் தங்கநாடான் கேட்பார்.
யாருக்கென்று தெரியாமல்தான்
ஆறு வருஷமாக ஒரு தளம் வைத்திருக்கிறேன்.

தளம் இரண்டு இடத்தில் இருக்கிறது.
ஒன்று, தையல் மெஷின் பக்கத்தில்
விசிறி இரையும் பழைய கம்ப்யூட்டரில்.
மற்றது நான் பார்க்காத ஊரில், பார்க்காத அறையில்,
மாதம் நூற்றிருபது ரூபாய் வாடகைக்கு.
இரண்டும் ஒன்றுபோல் இருக்க
இரவு ஒன்பதரைக்கு ஒரு கட்டளை தானாக ஓடும்.
அதன் கடைசியில் ஒரு சொல்:
இங்கே இல்லாதது அங்கே இருந்தால், அழி.

சுத்தத்துக்காகச் சேர்த்த சொல் அது.
நான் தூக்கிப்போட்ட பக்கங்கள்
அங்கே கிடந்து அழுகக் கூடாது என்று.

கடவுச்சொல்லை டெல்பினுக்கும் கொடுத்திருந்தேன்,
அவள் விமானம் ஏறின அன்று,
எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பாரு, என்று
பாதி விளையாட்டாக.
சலாலாவில் நர்ஸ். என் தங்கை.
இடவப்பாதி இங்கே கொட்டும்போது
அதே காற்றின் ஓரம் அங்கேயும் நனைக்குமாம்,
மொட்டை மலை பச்சையாகுமாம்.
சொல்லியிருக்கிறாள்.
சாயா பொங்கி வழிகிறது என்று போனை வைத்திருப்பேன்.

ஆனியில் ஒரு ராத்திரி
அயனி மரம் கரண்ட் கம்பிமேல் சாய்ந்தது.
நான்கு நாள் இருட்டு.
ஒன்பதரை வந்து வந்து போனது
ஒன்றையும் துடைக்காமல்.

ஐந்தாம் நாள் மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில்,
மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி முக்கி நிற்கையில்,
போனில் என் தளத்தைத் திறந்தேன்.
முகப்பில் நான் எழுதாத ஒரு வரி:
சலாலா மழை, இங்கே.

உள்ளே போனேன்.

ஞாயிறு: மருந்துக் கப்பை ஜன்னலில் வைத்தேன். அரை விரல்.
திங்கள்: நைட் டியூட்டி. ஈரம் மட்டும்.
செவ்வாய்: அக்கா, ரெண்டு நாளாச்சு. நீ இன்னும் அழிக்கல்ல.
புதன்: இன்னைக்கும் இல்ல. கால் விரல் மழை.

இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, கரண்டும் வந்து,
நான் ஒருநாளும் திறக்காத பதிவேட்டைத் திறந்தேன்.
ஒன்பது முப்பத்தொன்று. நீக்கப்பட்டது: சலாலா.
ஒன்பது முப்பத்தொன்று. நீக்கப்பட்டது: சலாலா.
முப்பத்தெட்டு ராத்திரி.
முப்பத்தெட்டு காலை அவள் மறுபடி எழுதியிருக்கிறாள்.

நான் அழிக்கல்ல மோளே, கம்ப்யூட்டர் அழிச்சுது.
கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னா?

வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் பழைய நகல் கேட்டேன்.
அவர்கள் நகல் எடுப்பது நள்ளிரவில்.
அதற்குள் என் துடைப்பம் போய் வந்திருக்கும்.
ஒவ்வொரு நகலும் அத்தனை சுத்தம்.

நினைவில் இருப்பதை எழுதேன் என்றேன்.
அது மழை இல்லை என்றாள்.
முப்பத்தெட்டு வரிக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

இப்போது கட்டளை இரண்டு.
முதலில் அங்கிருப்பதை இறக்கு.
பிறகு இங்கிருப்பதை ஏற்று.
ஒரே வரியில் இருவரும் கை வைத்திருந்தால்
நில், கேள்.

நேற்று நின்றது.
அருமனை, அறுபத்தொன்று என்று நான்.
அதே வரியில் அவள்:
கப் நிறைஞ்சு சிந்திட்டு, எவ்வளவுன்னு தெரியல்ல.
எது வேண்டும் என்று கேட்டது திரை.
கர்சர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே ஓட்டுக்கூரையில் மழை
யார் வீட்டுச் சத்தம் என்று பிரிக்க முடியாமல்.

நல்ல குழாய் ஒன்று அனுப்பட்டுமா என்றேன்.
வேண்டாம், கப்பு போதும் என்றாள்.
அரை விரலை நான்
மில்லிமீட்டராக மாற்றவில்லை.
சுண்டுவிரலா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.