இன்றைக்கு இல்லை

எட்மண்டனில் இன்று மைனஸ் இருபத்தெட்டு.
வந்தவர்கள் எல்லோருக்கும் கன்னம் சிவந்திருந்தது.
பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தணிந்தது,
ஓவியனின் இடக் கன்னத்தைத் தவிர.

"ஆடுற பல்லுத்தானே, எடுத்துவிடுங்கோ டொக்டர்."
பிரசாந்தி கையுறையைக் கழற்றவில்லை.
நாலு மணிக்கு அவளுக்கு ஷிஃப்ட்.
ஏழு வயது. இந்தக் கடைவாய்ப் பல் விழ
இன்னும் மூன்று வருடமாவது இருக்கிறது.

கன்னத்தில் இது?
"பிறந்ததிலயிருந்தே. கிரகணத்தன்று
நான் வெங்காயம் வெட்டினேனாம், மாமி சொல்லுவா."
பாதிச் சிரிப்பு.
தலையணை உறை?
சிரிப்பு நிற்கிறது.
"சில நாள் விடிய, ரத்தம். பல் ஆடுறதாலயாக்கும் எண்டு..."

தட்டில் ஊசி. பக்கத்தில் குறடு.
ஒற்றை விரலால் பல்லை அழுத்துகிறேன்.
இறங்குகிறது.
விரலை எடுத்தால் மெல்ல ஏறி வருகிறது,
தண்ணீரில் அமுக்கிய தக்கை.

கன்னத்தில் கை வைக்கிறேன்.
ரப்பருக்கு அப்பாலும் சூடு.
பிறகு ஒரு துடிப்பு. என்னுடையதா?
இல்லை, இது வேகம்.
மணிக்கட்டில் தேடவேண்டியது
தாடைக்குள் நின்று அடிக்கிறது.

குறடைச் சத்தமில்லாமல் எடுத்துப்போகச் சொல்கிறேன்.
"இன்றைக்கு இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில்
முதலில் ஸ்கேன். அதுவரை யாரும் இதைத் தொடக்கூடாது."
"ஒரு பல்லுக்கா?"
அதற்குள் ஓவியன் நாக்கால் பல்லை ஆட்டுகிறான்.
"டேய், ஆட்டாதே!"
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது.

பிரசாந்தி இப்போதுதான் கையுறையைக் கழற்றுகிறாள்.
ஏழு வருடம் கொஞ்சிய கன்னம்.
உள்ளங்கையை வைத்து
உதடசையாமல் எண்ணுகிறாள்.