எடைமேடையில் ஓர் எக்ஸ்

விடியுமுன் எடைமேடையில் விழுந்த பனியைத்
துடைப்பத்தால் தள்ளுகிறேன்.
பனிக்கும் எடை உண்டு.
காலையில் பூஜ்யம் காட்டாத தராசு
பகல் முழுக்கப் பொய் சொல்லும்.

அத்-பாஷிப் பக்கத்து உருளைக்கிழங்கு லாரிகள்
நரின் நகருக்குள் நுழையுமுன் என் கூண்டருகே நிற்கும்.
எண்ணைப் பார்ப்பேன், சீட்டுக் கிழிப்பேன்.
கெட்டுப்போன சீட்டுகளின் பின்பக்கம் எனக்கு.

முப்பத்தாறு வயதில் மாலைக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு.
இரண்டு எக்ஸ் கூட்டல் ஐந்து, சமம், பதினேழு.
ஐந்தை இங்கே எடு, அங்கேயும் எடு,
பன்னிரண்டைப் பாதியாக்கு.
முதன்முறை விடை வந்தபோது
ஹீட்டரைத் தவிர யாருமில்லாத அறையில்
"ஆறு!" என்று கத்தினேன்.
கூட்டத்தில் யாரோ முகமூடியைக் கழற்றி
என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

இன்று சகின்பெக்கின் லாரி.
வெற்று வண்டி 7800, கதவிலேயே எழுதியிருக்கிறது.
மூட்டை தொண்ணூறு, ஒவ்வொன்றும் ஐம்பது,
கூட்டுறவுச் சங்கத்தின் இயந்திரம் கட்டியது, பிசகாது.
என் திரையில் 12,360.

சீட்டைத் திருப்பினேன்.
7800 + 4500 + எக்ஸ் = 12,360.
இருப்பதையெல்லாம் இருபுறமும் கழித்தேன்.
எக்ஸ் = 60.

அறுபது கிலோ என்ன?
வோட்கா பெட்டியா? வரி கட்டாத இறைச்சியா?
மூட்டைக்கடியில் கன்றுக்குட்டியைப்
படுக்கவைத்து வந்தவனையும் பார்த்தவள் நான்.
டார்ச்சும் கம்பியுமாகப் போய்
எண்ணினேன், குத்தினேன், குனிந்து அடியில் பார்த்தேன்.
கிழங்கு. கிழங்கு. கிழங்கு.

நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது:
முன் கண்ணாடிக்குப் பின்னே, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி
சகின்பெக்.
வண்டி நிற்குமுன் குதித்து, பூட்ஸைத் தட்டி,
என் ஹீட்டரைத் திட்டிக்கொண்டே உள்ளே வரும் ஆள்
இன்று இறங்கவே இல்லை.

"இறங்குங்கள்."
இறங்கினார்.
திரை சற்று யோசித்து 12,300 என்றது.

பழைய பேரேட்டைப் புரட்டினேன்.
போன அக்டோபர்; கால் சுளுக்கி அவர் இறங்காத நாள்.
ஓரத்தில் என் கையெழுத்து: ஓட்டுநர் உட்பட, எண்பது.
அதே லாரி, அதே தராசு.
எண்பது கழித்தல் எக்ஸ், சமம், அறுபது.
இதற்குச் சீட்டைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

உம்சுனை இறந்தது மார்ச்சில்.
எனக்கு அன்று ஷிப்ட், போகவில்லை.
அப்புறமும் போகவில்லை, அதற்கு ஷிப்ட் காரணமில்லை.
வாரம் இருமுறை இந்த மேடைக்கு வந்தவரிடம்
கிழங்கின் எடையை மட்டும் சொல்லி அனுப்பினேன்.
நிறை பார்ப்பதுதான் என் வேலை,
குறை கேட்பது அதில் இல்லை.

இருபது.
அதில் எவ்வளவு ரொட்டி, எவ்வளவு தூக்கம்,
எத்தனை இரவு அடுப்பு மூட்டாமல் படுத்தது,
தெரியாது.
புத்தகத்தின் கடைசிப் பக்கமும்
எண்ணைத்தான் தரும்.

"எவ்வளவு?" என்றார், கையை ஊதிக்கொண்டு.
"அறுபது."
"கிழங்கைக் கேட்டேன், புருல்சா."

சீட்டைத் தந்தேன். நாலாயிரத்து ஐந்நூறு.
கூடவே, என் மதியத்துக்குப் பொரித்துவந்த
போர்சோக் பையையும்.
வேண்டாமென்றார். பிறகு ஒன்றை எடுத்துக் கடித்து,
மென்றுகொண்டே மிச்சத்தைச் சட்டைக்குள் செருகினார்,
சூடு போகக்கூடாது என்பதுபோல.
"உப்பு பத்தவில்லை" என்றார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.
திரை மறுபடி 12,360.
இருபதுக்குக் கீழே எதையும்
இந்தத் தராசு கண்டுகொள்ளாது.

பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்தது.
மேடையில் பனி.
துடைப்பத்தை எங்கே வைத்தேன்?