நூறைத் தொடாத தண்ணீர்

அக்பைத்தல் கணவாயின் ஏழாம் வளைவில்
முள் சிவப்பைத் தொட்டது.
பனித்தூறல். பகலிலேயே விளக்கைப் போட்டிருந்தேன்,
ஹீட்டரை முழுக்கத் திருப்பியிருந்தேன்.
வண்டியை ஓரங்கட்டினேன்.
ஓரம் என்று அங்கே ஒன்றும் கிடையாது,
சரளை முடிந்து வானம் தொடங்கும், அவ்வளவுதான்.

பானெட்டைத் தூக்கினால் ஆவி இல்லை.
டீசல் எஞ்சின் தன்பாட்டுக்குத் தடதடத்தது.
கையுறையைக் கழற்றி மேல்குழாயைப் பிடித்தேன்.
சுட்டது,
ஆனால் இரண்டு எண்ணும்வரை பிடிக்க முடிந்தது.

பின்னிருக்கையில் குஷ்கதம்,
மடியில் தடுப்பூசிப் பெட்டி, அதன்மேல் கம்பளி.
உறைந்துவிட்டால் மருந்து வீண்.
காராக்குலில் முந்நூறு யாக்குகள் காத்திருக்கின்றன.
"பொய் சொல்வது முள்ளா, எஞ்சினா?" என்றார்.
வாய்திறந்து வலி சொல்லாத நோயாளிகளோடு
இருபது வருடம் இருந்தவர் அப்படித்தான் கேட்பார்.

சென்சாரின் ஒற்றை ஒயரைப் பிடுங்கினேன்.
முள் செத்து விழுந்தது.
அதே ஒயரை எஞ்சின் இரும்பில் வைத்தேன்.
முள் உச்சிக்குத் தாவியது.
மீட்டருக்கு உயிர் இருக்கிறது, ஒயருக்கும் இருக்கிறது.
அப்படியானால் சென்சார்தான்.
ஆத்திரக்காரனுக்கு
மிச்சமிருப்பவனெல்லாம் குற்றவாளி.

முர்காபுக்கே திரும்பினோம்.
"என் கெட்டிலிலா?" என்றாள் புருல்சா.
அவள் கெட்டிலில்தான்.
தையல் நூலில் சென்சாரைக் கட்டித் தொங்கவிட்டேன்,
அடுப்பில் காய்ந்த சாணம் எரிந்தது,
தண்ணீர் தளதளவென்று கொதித்தது,
மல்டிமீட்டர் முப்பத்தெட்டு ஓம் என்றது.
என் நோட்டுப்புத்தகத்தில்
நூறு டிகிரிக்கு நேரே இருபத்தைந்து.
சிக்கினான் என்று துள்ளினேன்.

புதியது ஓஷிலிருந்து வரவேண்டும்.
லாரிக்கார இஸ்மனாலி ஐந்தாம் நாள் கொண்டுவந்தான்,
ஓர் ஆட்டின் விலைக்கு.
அதையும் நூலில் கட்டி இறக்கினேன்.
முப்பத்தெட்டு.

இரண்டு பேர் தனித்தனியே வந்து
ஒரே பொய்யைச் சொல்வார்களா?

குஷ்கதம் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.
ஆற்ற அதிகமில்லை என்பதை அவர்தான் கவனித்தார்.
"இந்த உயரத்தில் தண்ணீர் நூறைப் பார்த்ததே இல்லை.
எண்பத்தெட்டிலேயே கொதித்துவிடும்.
உன் புத்தகத்தை எழுதியவன்
கடலோரத்தில் உட்கார்ந்து எழுதியிருப்பான்."
நான் ஓஷ் பள்ளத்தாக்கில் பிறந்தவன்,
கொதித்தால் நூறு என்று நம்பி வளர்ந்தவன்.
புருல்சா மூடியைத் தட்டினாள்.
"இறைச்சி வேகவில்லை, வேகவில்லை என்று
பதினோரு வருடமாக நான் சொன்னது என்னவாம்?"

பழைய சென்சாரையே மாட்டினேன்.
புதியது சர்க்கரை டப்பாவுக்குள் போனது.

இருட்டிய பிறகு எஞ்சினை எழுப்பி
முகப்பு விளக்கைப் போட்டேன். முள் ஏறியது.
அணைத்தேன். இறங்கியது.
மறுபடி போட்டேன், ஏறியது.
ஹீட்டரையும் திருப்பினேன், சிவப்பு.
சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம்,
பிறகு அந்த ஆட்டின் ஞாபகம்.

டேஷ்போர்டைக் கழற்றி டார்ச்சை வாயில் கவ்வி
உள்ளே தலையை விட்டேன்.
எர்த் ஒயரின் போல்ட்,
காராக்குல் உப்புத் தூசி படிந்து வெளுத்து,
கைபட்டதும் ஆடியது.
தப்பாய்ச் சொன்னது முள் அல்ல,
நிற்க அதற்குத் தரை இல்லை.
குஷ்கதம் குளம்பு சீவும் கத்தியைக் கொடுத்தார்.
இரும்பு மினுங்கும்வரை சுரண்டி
இறுக்கினேன்.

மறுநாள் ஏழாம் வளைவு.
விளக்கு எரிகிறது, ஹீட்டர் இரைகிறது,
முள் நடுவுக்கு ஒரு விரற்கடை கீழே
அசையாமல் நிற்கிறது.
அசையாததும் பயமாக இருந்தது.
நிறுத்தினேன். இறங்கினேன்.
கையுறையைக் கழற்றிக் குழாயைப் பிடித்தேன்.

குஷ்கதம் ஒன்றும் கேட்கவில்லை.
தெர்மாமீட்டர் பையிலிருந்தாலும்
படுத்த மாட்டின் காதைத்தான்
அவர் முதலில் தொட்டுப் பார்ப்பார்.