மத்திமம்

அட்டைப் பியானோ. நாற்பது திர்ஹம்.
ஷார்ஜா அல் நஹ்தாவில் மூன்றாம் மாடி மரிசெல்
மணிலாவுக்கே போய்விடுவதென்று முடிவெடுத்த வாரம்
ஃபிரிட்ஜ் நூற்றைம்பது, தொட்டில் இனாம்.
இதற்கு மட்டும் பேரம் படியவில்லை.
"என் மகன் இரண்டு நாள் உட்கார்ந்து மடித்தான்" என்று
ஒரு கையால் தூக்கிக் காட்டினாள்.
கனமே இல்லை.

"அட்டைக்கா நாற்பது?" என்றாள் சுபிதா.
ஆகஸ்ட் புழுக்கத்தில் நமுத்துப்போன அப்பளம் மாதிரி
ஓர் ஓரம் ஏற்கெனவே தொய்ந்திருந்தது.

அபிஷா கன்சோலை அதன் நெற்றியில் செருகினாள்,
ரிமோட்டை முதுகில்.
பதின்மூன்று கட்டைகள். கம்பி கிடையாது.
ஒவ்வொரு கட்டையின் வாலிலும்
சாம்பல் நிறத்தில் சின்னதாய் ஓர் ஒட்டுத்துண்டு.
அழுத்தினால் வால் எழும்.
ரிமோட்டின் அடியில் இருக்கிற கண்
இருட்டுக்குள் அந்தத் துண்டைப் பார்க்கும்,
பார்த்ததைப் பாடும்.
அவ்வளவுதான் சங்கீதம்.

ச. ரி. க.
அட்டையில் அட்டை இடிக்கும் சத்தம்.
ப. த. நி.

பசை காய்ந்ததோ, மரிசெல்லின் மகன் பிய்த்தானோ,
ஒரு துண்டைக் காணோம்.
அலுமினியத் தாளை ஒட்டிப் பார்த்தாள். கண் பார்க்கவில்லை.
பிஸ்கட் பாக்கெட்டின் உட்புறம். பார்க்கவில்லை.
"பளபளன்னு இருந்தாப் போதாதுப்பா.
வந்த வெளிச்சத்தை வந்த எடத்துக்கே
திருப்பிக் குடுக்கணும்" என்றாள்.
பத்து வயசு.

நான் சேஃப்டி ஆபீசர்.
இதே வாக்கியத்தை வாரம் ஒருமுறை
மூன்று மொழிகளில்
நூற்று நாற்பது பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
லாரிக்காரன் அடிக்கிற வெளிச்சத்தை
அவன் கண்ணுக்கே திருப்பிவிடும் பட்டை இது,
இது இல்லாதவன் இருட்டில் இல்லாதவன்.
பட்டை கிழிந்திருந்தால் ஐம்பது திர்ஹம் அபராதம்.
எழுதுவது நான்.

கதவுக்குப் பின்னால் ஆணியில்
என் ஜாக்கெட் தொங்கியது.
தையல் கத்தரியை எடுத்து
இடது தோளில் ஒரு விரல்நகம் அளவு வெட்டினேன்.
கோணல். இன்னொரு விரல்நகம்.
சுபிதா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

ம.

அதற்குப் பிறகு அவள் வேறெதையும் வாசிக்கவில்லை.
ம ம ம ம என்று
அந்த ஒரு கட்டையையே அழுத்திக்கொண்டிருந்தாள்,
விடிகாலை ஷிப்டுக்காகப் படுத்துவிட்ட
பக்கத்து அறை தனிஸ்லாஸ்
பார்ட்டிஷனைத் தட்டும்வரை.

ஜெபல் அலி. காலை ஐந்தேகால்.
கேட்டில் நின்று ஒவ்வொரு முதுகாய்ப் பார்க்கிறேன்.
ராம்விலாஸ் நகரவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
என் தோளில் இருந்த ஓட்டையில் விரலை வைத்தான்.
"எலியா, சாப்?"
"ஆமாம்" என்றேன்.

எலி என்றுதான் போன மாதம் அவனும் சொன்னான்.
நான் நம்பவில்லை.
அவன் நோட்டை நீட்டிய விதம்கூட ஞாபகம் இருக்கிறது,
நான்காய் மடித்து.
அவனுக்கு எத்தனை பிள்ளைகள்,
வெட்டிய துண்டு எங்கே போய் ஒட்டியது என்று
கேட்க வாய் வந்தது.
பின்னால் பஸ் ஹாரன் அடித்தது,
வரிசை நகர்ந்தது.
பதிவேட்டில் என் பெயரை எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்: எலி.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
மொபைல் டார்ச் பட்டதும்
ஆணியில் ஜாக்கெட் திடுக்கிட்டு விழித்தது.
குனிந்து பியானோவின் முதுகுத் துளைக்குள் அடித்தேன்.
வரிசையாய்ப் பன்னிரண்டு பொட்டுகள்,
நடுவில் கோணலாய் ஒன்று,
மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக
என்னையே பார்த்தபடி.

ஏசி சொட்டிக்கொண்டிருந்தது.
பியானோவைச் சுவரிலிருந்து ஒரு சாண்
இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.