பிடித்தம் போக

பைபாஸ் ரோட்டுக் கண்ணாடிக் கடையில்
ஸ்குவாட் ரேக் இருபத்தெட்டாயிரம்.
கறுப்புப் பவுடர் பூச்சு, தொட்டால் ஏசிக் குளிர்.
"வீட்டுக்காரருக்கா மேடம்?" என்றான் பையன்.
"ஆமா, அவருக்குக் கால் ரொம்ப மெலிவு" என்றேன்.
எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

போக்குவரத்துக் கழகத்தில்
அடுத்தவர் சம்பளத்தில் பிடித்தம் போடுவது என் வேலை.
ஒன்பதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று
எனக்கே ஒரு உத்தரவு எழுதி
கையெழுத்தும் போட்டிருந்தேன்.
கம்பியும் தட்டுகளும் மட்டும் ஏற்கெனவே
கட்டிலுக்கடியில் கிடந்தன.

அரசரடி ஜிம்மை விட்டது மார்கழியில்.
நான் உட்கார்ந்து எழும்போது
பின்னால் வந்து நிற்பான் கோச்.
எழ முடியாமல் போனால் பிடிக்கத்தான் என்பான்.
எழ முடிந்த நாட்களிலும் பிடித்தான்.

கீழவெளி வீதி வெல்டிங் பட்டறையில்
இஸ்மத் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"தொட்டில் ஸ்டாண்டா?"
அறுபது கிலோவைத் தோளிலிருந்து இறக்கி வைக்க.
"அம்புட்டையும் யாரு தூக்கி வச்சது தோள்ல?"
நானேதான்.
பென்சிலைக் காதில் செருகினார். எடுத்தார்.
"ரெண்டு எம்எம் பைப்புன்னா ஆறரை. மூணுன்னா எட்டு.
ஆனா ஓட்டை ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா வரும்னு
சத்தியம் பண்ண மாட்டேன்."
பொய் சொல்லாதவரிடம் பேரம் பேச வராமல்
திரும்பிவிட்டேன்.

முனிச்சாலையில் ஒரு சந்து, இரண்டாம் மாடி.
ஊரடங்கில் வாங்கியதாம் துளசிராம்.
மேலே இரண்டு சேலை, ஒரு பள்ளிச் சீருடை,
ஜோடி சேராத ஏழு சாக்ஸ்.
"ஒரே வருஷம்தான் பண்ணினேன் மேடம்."
"ஒரே வாரம்" என்றது சமையலறை.

டேப்பை எடுத்தேன். ஆறடி.
என் அறை ஃபேன் றெக்கையில் இடிக்காது.
துளைக்குத் துளை கம்பி செருகி
ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தேன்.
குமிழி நடுவில் நின்றது.
அடியில் துரு, சுரண்டினால் போகிற துரு.

பிறகு அதைத் தேடினேன்.
பக்கத்துக்கு ஒன்றாக நீட்டியிருக்கவேண்டிய கைகள்.
தொடை மடங்கி, இனி மேலே வரமாட்டேன் என்று
உடம்பு சொல்லும் நொடியில்
பாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு
என்னை விட்டுவிடுகிற கைகள்.
ஒன்று இருந்தது.
இன்னொன்று பால்கனிச் சுவரில்
மணி பிளாண்ட் தொட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"பத்தாயிரம்" என்றார் துளசிராம்.
ஈரக்கையோடு வந்தார் ஹேமலதா.
"நீங்களா தூக்குறது?"
"நான்தான்."
"எம்புட்டு?"
"அறுபது. ஐப்பசிக்குள்ள எழுபது."

தினமும் துணி போட்ட சாமானை
அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார்.
சேலைகளை ஒதுக்கிவிட்டு நடுவில் போய் நின்றார்.
வெறும் தோளோடு உட்கார்ந்தார், எழுந்தார்.
முழங்கால் ஒருதரம் சொடக்கிட்டது.
"ஏழரை குடுங்க. செடிய நான் கீழ இறக்கிக்கிறேன்."
துளசிராம் வாயைத் திறந்தார்,
மூடிக்கொண்டார்.

குட்டியானைக்கு நானூறு. ஏற்றுகூலி இருநூறு.
தரைக்கு ரப்பர் பாய் எழுநூறு.
மிச்சம் இருநூறுக்கு நைலான் கொடி வாங்கி
முனிச்சாலையில் கொடுத்துவிட்டு வந்தேன்.
கூடல்நகர் மாடிப்படியில் இரும்பு ஏறும்போது
கீழ்வீட்டிலிருந்து ஓனர் எட்டிப் பார்த்தார்.
"என்னம்மா அது?"
"துணி காயப்போட சார்."

முதல் நாளே வேண்டுமென்று தோற்றுப் பார்த்தேன்.
அறுபத்தைந்து.
கீழே போனேன். அங்கேயே இருந்தேன்.
டங்கென்று இரண்டு கையும் வாங்கிக்கொண்டன.
கம்பிக்கடியில் தரையில் உட்கார்ந்திருந்தேன்,
மூச்சு திரும்பும்வரை, திரும்பிய பிறகும் கொஞ்சம்.
இடப்பக்கக் கையிலிருந்து
செம்மண் உதிர்ந்து பாயில் கிடந்தது.

"மேல என்னம்மா விழுந்துச்சு?"

"நான்தான் சார்."