மாதிரி வட்டம்

நவம்பர் முடிந்து முதல் பனி விழுந்த வாரம்
செல்லாத வாக்குகளின் பெட்டி என் மேசைக்கு வந்தது.
நாற்பத்தொன்று.

யாருடையவை என்று எனக்குத் தெரியக் கூடாது, தெரியவும் இல்லை.
கை மட்டும் தெரிகிறது.
ஒருவர் அழுத்திய அழுத்தில் தாளின் முதுகு புடைத்திருக்கிறது.
ஒருவர் தவறாகக் கறுத்ததை அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதியிருக்கிறார்:
"இவர் இல்லை, கீழே இருப்பவர். மன்னிக்கவும்."
மன்னிப்பைப் படிக்க
எங்கள் எந்திரத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பிறகு இது.
தாளின் தலையில் நாங்கள் அச்சடித்த வெற்று வட்டம்,
பக்கத்தில் அம்பு, 'இதுபோன்ற வட்டத்தை நிரப்புக'.
நிரப்பியிருக்கிறார்.
அதை மட்டும்.
கோட்டைத் தாண்டாமல், கறுப்பு மையில், பொறுமையாக.
பெயர்கள் எதன் பக்கமும் பேனா போகவில்லை.
விஸ்கான்சினின் இந்த மூலையில்
நான் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள்.
அவர் வாக்கு எடுத்துக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆமாம், நான் சொன்னதை.
பதினோரு வருடத்துக்கு முன் அந்த வாக்கியத்தை எழுதியது
டார்லீன் ஷ்வெங்கல், அதாவது நான்.
அறுபத்திரண்டு சொற்கள், மூன்று 'அல்லாமல்', ஒரு 'மேற்படி'.
எழுதிய அன்று கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை, புதிய வரைவோடு சலவைக் கடைக்குப் போனேன்.
துணி சுழலும் வரை மனிதர்களுக்கு வேறு வேலை இல்லை.
பனி வண்டி ஓட்டும் ஆர்வோ துவோமினென்
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.
"உறைன்னா எது? உள்ளதா, வெளியதா?"
சோதனையின் விதி: உதவக் கூடாது.
நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
அவர் இரண்டு உறையையும் மாற்றி மாற்றிப் பார்த்து
தாளை இரண்டுக்கும் நடுவில் வைத்தார்.
"ஒரு வரியில ஒரு வேலை சொல்லும்மா.
ரெண்டு சொன்னா முதலாவது ஓடிப்போகுது."

பா ஹூவா ஸியாங் துண்டுகளை மடித்தபடியே கேட்டாள்:
"சாட்சின்னா, கோர்ட்டுக்குப் போகணுமா?"
அதற்குப் பயந்துதான் அவள் வீட்டில்
நான்கு உறைகள் அலமாரியிலேயே தங்கிவிட்டன.

'சாட்சி' இருந்தே தீர வேண்டும் என்றார் வழக்கறிஞர்.
இருக்கட்டும்.
அதன் கீழே ஒரு வரி வாங்குவதற்கு
எனக்கு ஆறு வாரமும் இரண்டு கூட்டமும் ஆயின:
'உங்கள் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.'

'மேற்படி' போனது. 'அல்லாமல்' மூன்றும் போயின.
முதல் வரி: கறுப்புப் பேனா எடுங்கள்.
இரண்டாவது வரி: உங்களுக்குப் பிடித்த பெயரைக் கண்டுபிடியுங்கள்.
மாதிரி வட்டத்தையும் எடுத்துவிட்டோம்.
அது இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

ஏப்ரல் தேர்தலில் பெட்டிக்குள் ஒன்பது.
அலுவலகத்தில் யாரோ கைதட்டினார்கள்.

எட்டைப் பார்த்து முடித்தேன்.
ஒன்பதாவதில்
நாங்கள் காலியாக விட்ட அந்த இடத்தில்
யாரோ தானே ஒரு வட்டம் வரைந்து
நிரப்பியிருந்தார்,
கோட்டைத் தாண்டாமல்.