இருபத்தேழாம் புள்ளி

நல்ல தண்ணீரைத் தேடிப் போகிற நாங்கள்
உப்புத் தண்ணீரைக் கேனில் சுமந்து போவோம்.
இரும்புக் கம்பி இறங்கிய இடத்தில்
ஒரு குவளை ஊற்றினால்தான்
காய்ந்த களி மின்சாரத்தை உள்ளே விடும்.

தலைஞாயிற்றுக்குத் தெற்கே, மாசி பிறந்த வாரம்.
நூற்றைம்பது மீட்டர் இந்தப் பக்கம்,
நூற்றைம்பது மீட்டர் அந்தப் பக்கம்.
கேபிளின் ஒரு முனையில் பக்கிரிசாமி, சுத்தியலோடு.
மறுமுனையில் அவர் மச்சினன்.
நடுவில் குடைக்குக் கீழே பெட்டியும் நானும்.
"விடவா?" என்று கத்துவேன்.
"கையெடுத்தாச்சு" என்று இரண்டு பக்கமும் சொன்ன பிறகு
பொத்தானை அழுத்துவேன்.
பூமி ஒரு எண்ணைச் சொல்லும்.

நாற்பது என்றால் மணல், நல்ல நீர்.
இரண்டு என்றால் கடல் வந்துவிட்டது.
ஐந்து என்றால்தான் தொல்லை:
நல்ல நீர் குடித்த களியும் ஐந்து,
உப்பு குடித்த மணலும் ஐந்து.
"கோர்ட்டுல சாட்சி சொல்ற ஆள் மாதிரி"
என்றார் பக்கிரிசாமி.

செயற்கைக்கோள் படத்தில் ஒரு வளைவு,
வரப்புகளை மதிக்காமல் கிழக்கே இறங்குகிறது.
எப்போதோ காவிரியின் ஒரு கிளை
இந்த வழியாகக் கடலுக்குப் போயிருக்கிறது.
பெயர் தெரியாது. என் கோப்பில் 'பழந்தடம் 4'.
அதன் தலைமேல் இப்போது
ரேஷன் கடை, இரண்டு இறால் குட்டை, செல்போன் கோபுரம்.
கம்பியை அறைந்து கேட்டால்
பதினோரு மீட்டரில் ஆறு இன்னும் படுத்திருக்கிறது:
முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தாறு.
அன்று மதியம் சாப்பிட மறந்துபோனேன்.

இருபத்தேழாம் புள்ளி
ரஹ்மத்துன்னிசாவின் தாளடியில் விழுந்தது.
கதிர் முற்றிக்கொண்டிருந்தது.
"மிதிக்காதீங்க. அறுத்துட்டு ஆள் அனுப்புறேன்,
அப்ப வாங்க."
நியாயம்.
அறுத்தார். ஆளும் அனுப்பினார்.
அதற்குள் மார்ச் முப்பத்தொன்று தாண்டிவிட்டது,
திட்டக் கணக்கு முடிந்தது,
வண்டிக்கு டீசல் பில் போட முடியாது.

கணினிக்கு வெற்றிடம் ஆகாது.
இருபத்தாறைப் பார்த்தது, இருபத்தெட்டைப் பார்த்தது,
தூரத்தை அளந்து எடை போட்டு
நடுவில் நீலம் பூசியது.
திருச்சியில், ஏ.சி. அறையில்,
ஜெசிந்தா கேட்டாள்: "இங்க வெள்ளையா விட்டுடலாமா?"
ஓட்டை விழுந்த வரைபடத்தை யார் மதிப்பார்கள் என்று
நான்தான் சொன்னேன்.
ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினோம்.
அதன் பக்கத்தில் நின்று
போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

ஆவணியில் போன்.
"எங்க வயல் நீலத்துலதானே இருக்கு?"
"ஆமாங்க."
"நகையை வச்சு எழுபது அடி இறக்கினோம்.
வாய் கொப்புளிச்சா கரிக்குது."
திட்டவில்லை.
எனக்குக் கேட்கவில்லையோ என்று
கரிக்குது என்பதை மட்டும்
இன்னொருமுறை சொன்னார்.

அன்றிரவு அட்டவணையைத் திறந்தேன்.
புள்ளி எண்: 27.
இடம்: அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது.
ஆழம்: எழுபது அடி, மீட்டராக மாற்றி.
அளந்த முறை என்ற கட்டத்தில்
மற்ற நாற்பத்திரண்டு வரிசையிலும் 'மின்தடை' இருக்க
இதில் 'நாக்கு' என்று தட்டினேன்.
மென்பொருள் ஆட்சேபிக்கவில்லை.

மறுபடி ஓடவிட்டேன்.
நீலத்தின் விளிம்பு மூன்று வயல் மேற்கே போய் நின்றது.
பழந்தடம் 4 நான் நினைத்தபடி நேரே போகவில்லை போலும்,
ரேஷன் கடை தாண்டியதும்
வடக்கே ஒதுங்கி ஒரு சுற்று சுற்றியிருக்கலாம்.
நகைக் கடன் அட்டவணையில் இல்லை,
அதற்குக் கட்டமும் இல்லை.

பக்கிரிசாமியைக் கூப்பிட்டேன், கூலி என் கையிலிருந்து.
கம்பி, சுத்தியல், கேன்.
ரஹ்மத்துன்னிசா வரப்பில் நின்று
நான் கேனைத் திறப்பதைப் பார்த்தார்.
"அதென்ன?"
"உப்புத் தண்ணி. கம்பி அடியில ஊத்தணும்."
"அதை எதுக்கு அங்கேருந்து சுமந்துட்டு வந்தீங்க"
என்றபடி போய்
மோட்டாரைப் போட்டார்.